ஆற்றுப் பக்கக் கதவு

பிறந்த வீட்டுக்குள் நுழைய லியூவுக்கு எப்போதும் இரண்டு வெளிநாட்டுக்காரர்களாவது வேண்டும். பதினோரு வருடமாக இதுதான் வழக்கம்.

ஹோய் ஆன் பழைய ஊரில், மூடுபாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்த நீள வீடு சுற்றுலா நுழைவுச் சீட்டில் சேர்ந்த வீடு. சீட்டோடு வருகிறவர்களை உள்ளே விட வேண்டும். அவர்களைக் கூட்டி வரும் வழிகாட்டியையும் விட்டுத்தான் ஆக வேண்டும். கழுத்தில் அட்டை தொங்க, கையில் மடக்கிய குடையோடு, விருந்தாளிகளுக்குப் பின்னால் லியூ படி தாண்டுவாள். அவள் அப்பா துவான், கறுப்பு நீள அங்கியும் தலைப்பாகையுமாகத் தேநீர் ஜாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். விருந்தாளிகளின் முகத்தைப் பார்த்துப் பேசுவார். அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்.

"வழிகாட்டியம்மா, அவங்கள உக்காரச் சொல்லுங்க" என்பார்.

அவர் சொன்னதை இவள் ஆங்கிலத்தில் சொல்வாள். அவர்கள் கேட்டதை ஊர் மொழியில் அவரிடம் சொல்வாள். நடுவில் யாராவது இருந்தால் அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு உண்டு. இல்லாவிட்டால் கிடையாது.

காரணம் ஊருக்கே தெரியும். அதே தெருவில் லாந்தர் வியாபாரி ஒருவரின் மகனுக்கு லியூவைப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சிவப்புத் துணி மூடிய தாம்பாளங்களில் வெற்றிலை, பாக்கு, தேயிலை, பலகாரம் எல்லாம் கொண்டு வந்து வைத்தார்கள். துவான் அவற்றைப் பங்கு போட்டு உறவுக்காரர்கள் வீடுகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டார். பங்கு போட்ட வெற்றிலை என்றால் அது கொடுத்த வாக்கு. அதற்குப் பிறகுதான் லியூ, ட்ரா க்வே தோட்டத்துக் கீரைக்காரன் லோக்கோடு கிளம்பிப் போனாள். துவான் கடை கடையாக ஏறி, தின்று தீர்ந்த பண்டங்களையெல்லாம் புதிதாக வாங்கி, அந்தத் தாம்பாளங்களை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே தெரு நடுவே சுமந்து போய்த் திருப்பிக் கொடுத்தார். மகன் வின் உதவிக்கு வந்தபோது, "பெத்தவன் நான், சுமக்க வேண்டியவனும் நான்" என்று தள்ளிவிட்டார். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. அன்றைக்கு மூடிய வாய்தான்.

இன்றோடு இந்த வழக்கமும் முடிகிறது. வீட்டை ஒரு காப்பிக் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டாயிற்று. வின் அப்பாவைத் தன்னோடு தா நாங் நகரத்துக்குக் கூட்டிப் போகிறான். அங்கே சீட்டும் கிடையாது, விருந்தாளியும் கிடையாது. ஒரு புத்தாண்டுக்கு லியூ அண்ணன் வீட்டுக்குப் பழக்கூடையோடு போனபோது, அங்கே வந்திருந்த அப்பா எழுந்து அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அவள் படியிறங்கிய பிறகுதான் தாழ் திறந்ததாம். போதாததற்கு, போன வெள்ளத்துக்குப் பிறகு அவருக்கு நினைவு வேறு தப்ப ஆரம்பித்திருந்தது. இப்போதைக்குச் சாயங்காலங்களில் மட்டும்தான். போகப் போகப் பகலும் போய்விடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

அப்பா தன் முகத்தைப் பார்த்து நேராக ஒரு வார்த்தை பேச வேண்டும். லியூ கேட்டது அவ்வளவுதான். அதற்கு இருந்தது அந்த ஒரு நாள்.

காலையில் லோக் கீரைக்கட்டுகளை ஸ்கூட்டரில் அடுக்கிக்கொண்டே சொன்னான்: "இன்னிக்காவது கேட்டுடு."

"என்னத்த கேக்கறது?"

"உன்கிட்ட நேரா பேசச் சொல்லு. திட்டினாலும் பரவால்ல. பெத்த பொண்ணத் திட்டாம இருக்கறதுக்கு இங்கிலீஷ்காரனக் குறுக்க உக்கார வைக்கற ஆளு, இந்த மாகாணத்துலயே உங்கப்பா ஒருத்தர்தான்."

லியூவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோமோ என்று அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்றைய விருந்தாளிகள் ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி. கிரகாம் ஓய்வு பெற்ற கட்டடக்காரர், ஒரு காது மந்தம். ஹெலன் அவருக்காக எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டுக்கொள்கிற பெண்மணி. பாலத்தடியில் கிரகாம் இடுப்பில் கை வைத்து நின்று, புதுச் சாயம் அடித்த கூரையைப் பார்த்தார்.

"நானூறு வருஷப் பாலம்னு சொன்னீங்க. போன வாரம் கட்டின மாதிரி இருக்கே?"

"இப்பத்தான் பழுது பாத்தாங்க. ஊர்க்காரங்களும் அதையேதான் சொல்றாங்க. கல்யாணத்துக்குக் கிளம்பின கெழவி மாதிரி இருக்காம்."

"என்ன சொல்றாங்க?" என்றார் கிரகாம் மனைவியிடம்.

"உங்களுக்கும் ஒரு கோட் சாயம் அடிக்கலாம்ன்றாங்க" என்றாள் ஹெலன்.

வீட்டு வாசலில் வின்னின் மனைவி யென் முக்காலி போட்டு உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தாள். லியூவைப் பார்த்ததும், "வாங்க நாத்தனாரே, இன்னியோட உங்களுக்கும் விடுதலை, எனக்கும் விடுதலை" என்றாள். பிறகு விருந்தாளிகளை உள்ளே விட்டுவிட்டு, லியூவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். குரல் இறங்கியது.

"காலைலேருந்து தெளிவா இருக்கார். எதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிக்கோ. விளக்கு வச்சாச்சுன்னா போச்சு. நேத்து என்னப் பாத்து, 'நீ எந்தக் கடைப் பொண்ணும்மா, சம்பளம் ஒழுங்கா தராங்களா'ங்கறார்."

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

"சம்பளமே இல்லைன்னேன். நெசந்தானே. பாவம், அவரு ரொம்ப வருத்தப்பட்டார்."

உள்ளே பாதி சாமான்கள் பெட்டிக்குள் போயிருந்தன. சுவரில் படங்கள் இருந்த இடங்கள் வெளுத்துத் தெரிந்தன. ஆனால் முன்கூடம் மட்டும் தொடாமல் இருந்தது. சிப்பி பதித்த நாற்காலிகள், தேநீர் மேசை, அதற்குப் பின்னால் முன்னோர் பெயர் எழுதிய பலகைகள் வைத்த மாடம். துவான் அங்கி மடிப்புக் கலையாமல் நேராக உட்கார்ந்திருந்தார்.

"வழிகாட்டியம்மா, அவங்கள உக்காரச் சொல்லுங்க."

கிரகாமும் ஹெலனும் உட்கார்ந்தார்கள். லியூ நின்றாள். வழிகாட்டிகள் நிற்பதுதான் முறை. வீட்டுப் பிள்ளைகளும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்ததில்லை, அவை விருந்தாளிகளுக்கென்றே உள்ளவை. ஆகவே எந்தக் கணக்கில் பார்த்தாலும் அவள் நிற்க வேண்டியவள்தான்.

துவான் கையை நீட்டித் தூணைக் காட்டினார். "இந்தத் தூணெல்லாம் பலா மரம். பெரியவங்க கட்டினது. வருஷா வருஷம் வர்ற விருந்தாளிங்க பலாப்பழம் எங்கன்னு கேக்கறாங்க. நானும் அண்ணாந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

லியூ சொன்னாள். அவர் காத்திருந்தார். கிரகாம் சிரித்ததும் திருப்தியாகத் தலையசைத்தார். இந்த நகைச்சுவையை லியூ எத்தனை நூறு தடவை மொழிபெயர்த்திருப்பாளோ தெரியாது.

அடுத்து தூணில் கீறியிருந்த வெள்ள அளவுகள். பிறகு கூரைப் பலகையில் வெட்டியிருந்த சதுரத் துவாரம். அதன் ஓரத்தில் கப்பியும் கயிறும்.

"ஆத்துத் தண்ணி ஏறினா சாமானையெல்லாம் இது வழியா மாடிக்கு இழுத்துடுவோம். தண்ணி கீழ் வீட்டுல இருக்கும், நாங்க மேல இருப்போம். வாடகை தராத விருந்தாளி."

கிரகாம் கட்டடக்காரர் அல்லவா, எழுந்து போய்க் கப்பியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மாடத்தைக் குனிந்து பார்த்தார். நடுப் பலகையின் அடிப்பாதி கறுத்து, பொன் எழுத்து அழிந்திருந்தது.

"இது தண்ணில ஊறின கறையாச்சே. இவ்வளவு நல்ல ஏற்பாடு இருக்கறப்போ சாமிப் பலகை எப்படி நனைஞ்சது? இதத்தானே முதல்ல ஏத்தியிருப்பாங்க?"

இதுவரை எந்த விருந்தாளியும் கேட்காத கேள்வி. லியூ கேட்டுச் சொன்னாள். துவான் ஜாடியின் மூடியைத் திறந்து பார்த்து மூடினார்.

"தொண்ணூத்தொம்பது வெள்ளம். ராத்திரியோட ராத்திரியா ஏறிடுச்சு. அன்னிக்குக் கை ஒழியலன்னு சொல்லுங்க."

லியூவுக்கு அந்த வெள்ளம் நினைவிருந்தது. அம்மா செத்த மறு வருஷம் அது. இருட்டு, மூங்கில் கூடை, கயிறு முறுகும் சத்தம், கீழே அப்பாவின் "ஆடாத, ஆடாத" என்ற குரல். எது முதலில் ஏறியது, எது பின்னால் ஏறியது என்று அவளுக்குத் தெரியாது. பலகைகள்தான் முதலில் ஏறும். எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம்.

"உங்களுக்குக் குழந்தைங்க எத்தனை பேர்?" என்று ஹெலன் கேட்டாள். இது எல்லோரும் கேட்கிற கேள்வி.

லியூ கேட்டாள். துவான் ஹெலனைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார்.

"ஒரு பையன்."

"ஒன் சன்" என்றாள் லியூ. இந்த இரண்டு வார்த்தைகளையும் அவள் குரல் கம்மாமல் சொல்லப் பழகியிருந்தாள். ஆனால் அன்றைக்கு ஹெலன் கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

தேநீர் முடியப் போகிறது. கோப்பைகளைக் கவிழ்த்துவிட்டால் அவர் எழுந்துவிடுவார். லியூ குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். யாரும் கேட்காத ஒரு கேள்வியை, கேட்டதாக வைத்து, ஊர் மொழியில் சொன்னாள்.

"விருந்தாளி இன்னொண்ணு கேக்கறாங்க. இந்த வீட்டுக்குள்ள சீட்டு இல்லாம யாராவது வரலாமான்னு."

கிரகாமும் ஹெலனும் வாய் திறக்கவே இல்லை என்பது துவானுக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்து அவர்களைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் பார்வையை அவர்களிடமிருந்து எடுக்காமலே பேசினார்.

"தண்ணிய யாரும் வான்னு கூப்பிடறதில்ல. அது சீட்டு வாங்கிட்டா வருது? ஆத்துப் பக்கக் கதவு வழியா அதுபாட்டுக்கு உள்ள வருது. வந்தா என்ன பண்றோம், வாரி மேல வச்சுக்கறோம். வராதவங்களுக்காக ஒருத்தன் கதவத் தொறந்து வச்சுக்கிட்டு எத்தனை வருஷம் உக்கார முடியும்? சொல்லுங்க அவங்ககிட்ட."

லியூ சொல்லவில்லை. துவான் இரண்டு கைகளாலும் அவளுக்கென்று ஒரு கோப்பையை மேசை ஓரத்துக்கு நகர்த்தினார். அதுவும் தினப்படி வழக்கம்தான். அவள் நின்றபடியே குடித்தாள். அவர் கோப்பைகளைக் கவிழ்த்தார்.

"நேரமாச்சு வழிகாட்டியம்மா. அவங்களுக்கு வெயிலுக்கு முன்னாடி இன்னும் பாக்கறதுக்கு இருக்கும்."

சந்தைக் கடையில் காவ் லாவ் நூடுல்ஸ் கிண்ணங்கள் வந்த பிறகுதான் ஹெலன் கேட்டாள். "கடைசியா அவர் பேசினத நீங்க எங்களுக்குச் சொல்லவே இல்லையே."

"வெள்ளத்தப் பத்தித்தான்."

"காது மந்தம் என் புருஷனுக்கு. எனக்கில்ல. நாங்க எதுவும் கேக்காதப்போ நீங்க ஏதோ கேட்டீங்க. அவர் யாரு?"

லியூ நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "எங்கப்பா" என்றாள். தாம்பாளம் முதல் தாழ்ப்பாள் வரை சுருக்கமாகச் சொல்லி முடித்தாள். பிறகு அவர் சொன்ன பதிலையும் சொன்னாள். சொல்லும்போதுதான் அது முழுசாக அவளுக்கே புரிந்தது. இத்தனை வருடம் அவர் கூப்பிடட்டும் என்று இவள் முன்வாசலில் காத்திருந்தாள். இவள் கேட்காமல் வரட்டும் என்று அவர் பின்வாசலைத் திறந்து வைத்திருந்தார். ஆற்றைப் பார்த்த அந்தக் கதவு வழியாகத்தான் சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருவாள். முன்வாசல் கடைக்கும் விருந்தாளிக்கும். பின்வாசல் வீட்டு மனிதர்களுக்கு. அவளோ ஒவ்வொரு நாளும் முன்வாசல் வழியாக, சீட்டுக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் நுழைந்தாள்.

ஹெலன் புருஷனின் நல்ல காதுப் பக்கம் குனிந்து சொன்னாள். கிரகாம் குச்சிகளைக் கீழே போட்டார்.

"அப்புறம் எங்களோட உக்காந்து என்ன பண்றீங்க? எழுந்து போங்க! எங்களுக்குக் கால் இருக்கு, நாங்களே சுத்திக்கறோம்."

"இன்னும் சீனர் மண்டபம் இருக்கு, தையல்கடை இருக்கு, சாயங்காலம் படகு இருக்கு…"

"மண்டபம் நாளைக்கும் அங்கதான் இருக்கும்மா."

அப்போதே போயிருக்கலாம். போயிருந்தால் கதை வேறு. ஆனால் விருந்தாளியை நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்தவள் என்று தெரிந்தால் அப்பா என்ன நினைப்பார் என்று லியூ யோசித்தாள். விருந்தாளி எழுந்து போகும்வரை வீட்டுக்காரன் எழுந்திருக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லி வளர்த்தவரே அவர்தான். ஒரு தடவை வாக்குத் தவறியதற்கே இவ்வளவு. இன்னொன்றையும் அரைகுறையாக விட்டுவிட்டுப் போய் எந்த முகத்தோடு நிற்பது? பயமும் இருந்தது, அதையும் மறைப்பானேன். வேலையை முடித்துக்கொண்டு, விளக்கு வைப்பதற்கு முன்னால் போய்விடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

மண்டபத்தில் கூரையிலிருந்து தொங்கிய ஊதுபத்திச் சுருள்களைப் பார்த்தார்கள். எரிந்த சாம்பல் கிரகாமின் வழுக்கையில் உதிர்ந்தது. "நல்ல சகுனம்" என்றாள் லியூ. தையல்கடையில் ஹெலனின் அங்கிக்குத் தோள்பட்டை பிடிக்கவில்லை. பிரித்துத் தைக்கிறேன், இதோ ஆச்சு, இதோ ஆச்சு என்று கடைக்காரி இழுத்துக்கொண்டே போனாள். லியூ கதவுப் பக்கம் போய்ப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். மேற்கே மேகம் கட்டியிருந்தது. பொழுது சாயும் முன்பே தெருவில் லாந்தர்களை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

படித்துறையில் ஹெலன் அவளைப் படகில் ஏற விடவில்லை. "படகோட்டிக்கு இங்கிலீஷ் தெரியாட்டியும் எங்களுக்கு நீந்தத் தெரியும்" என்று சொல்லி, முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

லியூ ஆற்றங்கரையோடு ஓடினாள். காகித விளக்கு விற்கிற பெண்கள் "மெல்ல, மெல்ல" என்று ஒதுங்கினார்கள். பின்வாசலுக்கு வந்ததும் நின்று, கழுத்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். கதவு திறந்துதான் கிடந்தது. வின்னும் இன்னொருவரும் அலமாரி ஒன்றைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வின் தங்கையைப் பார்த்தான், அவள் நிற்கிற வாசலைப் பார்த்தான், விலகி வழிவிட்டான்.

அடுக்களையில் யென் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பின்பக்கமாவா வந்தே?" என்றாள். கையிலிருந்த கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"விளக்கு வச்சுட்டீங்களா அண்ணி?"

யென் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இப்பத்தாண்டி. விளக்கு வேண்டாம்னு ஒரு அரை நாழி பிடிவாதமா இருட்டுல உக்காந்திருந்தார். யாரையோ எதிர்பாத்த மாதிரி இந்தப் பக்கமே பாத்துக்கிட்டு. அப்புறம் தடுக்கி விழப் போறாரேன்னு நான்தான் போய் ஏத்தினேன்."

முன்கூடத்தில் மாடத்து விளக்கு மட்டும் எரிந்தது. துவான் இன்னும் அங்கியைக் கழற்றவில்லை. தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். நேராக அவள் முகத்தைப் பார்த்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

"சீட்டு நேரம் முடிஞ்சுதேம்மா" என்றார், நல்ல மரியாதையாக.

"அப்பா, நான் லியூ. ஆத்துப் பக்கமா வந்தேன்."

"லியூவா? நல்ல பேரு. எங்க வீட்டுலயும் ஒரு லியூ உண்டு." அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "பரவால்ல. தூரத்துலேருந்து வந்திருப்பாங்க, திருப்பி அனுப்பறது அழகில்ல. அவங்கள உக்காரச் சொல்லுங்க, வழிகாட்டியம்மா."

சிப்பி பதித்த நாற்காலிகள் காலியாக இருந்தன. லியூ அவற்றைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே கோப்பைகளை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுச் சிந்தாமல் தேநீரை ஊற்றினார்.

"இந்தத் தூணெல்லாம் பலா மரம்" என்று ஆரம்பித்தார். பலாப்பழம் வந்தது. காத்திருந்தார். லியூ சிரித்தாள். விருந்தாளிகளுக்காகத் தானே சிரித்தாள். அவர் தலையசைத்துவிட்டு வெள்ள அளவுகளுக்குப் போனார், துவாரத்துக்குப் போனார், கப்பிக்குப் போனார். அங்கே வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் அவர் நிறுத்தவில்லை.

"அந்த நடுப் பலகை ஏன் கறுத்திருக்குன்னு காலைல ஒருத்தர் கேட்டார். கை ஒழியலன்னு சொன்னேன். அது முழுப் பதில் இல்ல. சொல்லுங்க அவங்ககிட்ட. எல்லா வீட்டுலயும் முதல்ல முன்னோருங்களத்தான் ஏத்துவாங்க. நான் பொண்ண ஏத்தினேன். தாயில்லாத பொண்ணு. கூடைல வச்சு ஆடாத ஆடாதன்னு இழுத்தேன். அதுக்கப்புறம் இறங்கிப் பாக்கறேன், எங்க தாத்தா இடுப்பளவு தண்ணில நிக்கறார். மன்னிச்சுக்கோங்கன்னேன். இன்னொரு தடவை வந்தாலும் இப்படித்தான் பண்ணுவேன்னும் சொன்னேன்."

லியூ அந்தக் கூரைத் துவாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா. பாருங்க, காத்துக்கிட்டிருக்காங்க."

அவள் காலி நாற்காலிகள் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில் சொன்னாள். நான் என் மகளைத்தான் முதலில் ஏற்றினேன் என்று, அவர் பேசுவது போலவே, 'நான்' என்று வைத்துச் சொன்னாள். வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

"என்ன கேக்கறாங்க?" என்றார் துவான் ஆவலாக.

லியூ நாற்காலிகள் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்குன்னு கேக்கறாங்க."

"எங்க இருக்கும்? இங்கதான் வரும், தினமும். வெள்ளைக்காரங்களக் கூட்டிக்கிட்டு முன்வாசல் வழியா வரும். நல்லாப் பேசும். நான் சொல்றதுக்கு மேல அழகாச் சொல்லும்னு நினைக்கறேன், எனக்கு அந்த மொழி தெரியாது, சிரிக்கறத வச்சுத்தான் கண்டுபிடிப்பேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார், மூன்றாம் மனிதரிடம் குடும்ப விஷயம் சொல்கிறவர் போல. "ஒரு கோப்பை ஊத்தி வைப்பேன். நின்னுக்கிட்டே குடிச்சுட்டுப் போகும். உக்காருன்னு சொல்ல வாய் வரைக்கும் வரும். வராது. தாம்பாளம் தூக்கின கை பாருங்க, அந்தக் கனம் வாய்க்கு ஏறிப்போச்சு."

அடுக்களை வாசலில் வின்னும் யென்னும் வந்து நின்றிருந்தார்கள். நாற்காலிகளை வண்டியில் ஏற்ற வேண்டும். வின் ஓரடி எடுத்து வைத்தான். யென் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இதையும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிடறேன்" என்றாள் லியூ. சொன்னாள். நடுவில் இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. துவான் பொறுமையாகக் காத்திருந்தார். கஷ்டமான வார்த்தை போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்.

முடித்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் சுருங்கியது. இப்போது தெரிந்துவிடும், இதோ தெரிந்துவிடும் என்று லியூ மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"காலைலேருந்து நடந்து களைச்சுப் போயிருக்கீங்க" என்றார் துவான். எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, ஒரு நாற்காலியைத் தன் அங்கிக் கையால் துடைத்தார். "நீங்க ஏன் நிக்கறீங்க? உக்காருங்க, வழிகாட்டியம்மா."

லியூ உட்கார்ந்தாள். அவர் இரண்டு கைகளாலும் கோப்பையை நீட்டினார். அவளும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள், விருந்தாளிகள் வாங்குவதைப் போல.